பெட்ஃபோர்டு அவென்யூவில் ஒரு கொல்லைப்புறம்

2014 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் வந்து இறங்கினேன். வேலை விசாவில் இருக்கும் கணவரோடு வந்தவர்களுக்குத் தரும் எச்-4 விசா என்பதால் அப்போது வேலைக்குப் போக முடியாது, கார் ஓட்டவும் தெரியாது. ஊர் முழுக்க மேடும் பள்ளமும்தான், டிசம்பர் வந்ததும் வாசற்படியே உறைந்து வழுக்க ஆரம்பித்துவிட்டது. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கூட்டிப்போனால் உண்டு. மற்ற நாட்களில் பஸ் ஏறி நானாகப் போய்வரக்கூடிய ஒரே இடம் ஊருக்குள்ளேயே ஓக்லண்ட் பகுதியில் இருக்கும் கார்னகி நூலகம்.

ஆகஸ்ட் வில்சன் என்ற நாடக ஆசிரியரின் பெயரை அங்கேதான் முதலில் பார்த்தேன். 1945-இல் இதே ஊரில், கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் பிறந்தவர். நெப்போலியனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை, இதை நீ எழுதியிருக்க முடியாது என்று ஆசிரியர் சந்தேகப்பட, 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறி, கார்னகி நூலகத்தில் உட்கார்ந்து தானே படித்துக்கொண்டவர். இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் ஒன்று என்று கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் பத்து நாடகங்களாக எழுதினார். அவற்றில் ஒன்பது பிட்ஸ்பர்க்கிலேயே நடக்கின்றன, இரண்டுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் படித்த நூலகத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

முதலில் எடுத்து வந்தது ‘ஃபென்சஸ்’. கதாநாயகன் குப்பை வண்டியில் வேலை பார்க்கிறவர், ஒரு காலத்தில் நல்ல பேஸ்பால் ஆட்டக்காரர். அந்தப் பேச்சு மொழி சுத்தமாகப் பிடிபடவில்லை. சமையலறையில் நின்று சத்தமாக வாசித்துப் பார்த்தேன், அப்போதுதான் மெல்ல வழிவிட்டது. என்னை உங்களுக்கு ஏன் எப்போதுமே பிடிக்கவில்லை என்று மகன் அப்பாவிடம் கேட்கிற இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் படிப்பது வேறு, அந்த ஊர் ஜனங்களோடு உட்கார்ந்து பார்ப்பது வேறு. 2016-இல் வில்சன் சிறு வயதில் வாழ்ந்த வீட்டின் கொல்லைப்புறத்திலேயே, பெட்ஃபோர்டு அவென்யூ 1727-ஆம் எண்ணில், ‘செவன் கிட்டார்ஸ்’ போட்டார்கள். நாடகமே 1948-இல் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நடப்பதுதான். இறந்துபோன ஒரு ப்ளூஸ் பாடகனை அடக்கம் செய்துவிட்டு நண்பர்கள் கூடி உட்கார்கிற இடத்தில் ஆரம்பிக்கும். நாடகம் என்றால் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இங்கே மேடையில் ஒருவர் மனசு விட்டுப் பேசினால் கூட்டத்திலிருந்து “ம்ம்ம்” என்று ஒரு குரல் எழும், “சொல்லு, சொல்லு” என்று இன்னொன்று, அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தால் “அடப்பாவி” என்கிற மாதிரி ஒரு முனகல். தேவாலயத்தில் பிரசங்கியாருக்குப் பதில் குரல் கொடுத்துப் பழகியவர்கள், நடிகர்களும் அந்தக் குரலுக்கு இடம் விட்டு அடுத்த வசனத்தை எடுத்தார்கள்.

என் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா, தலையில் ஊதா நிறத் தொப்பி, மடியில் காகிதப் பையில் வறுத்த வேர்க்கடலை. வசனத்தில் ஏதாவது ஒரு தெருப் பெயர் வந்தால் போதும், என் முழங்கையைத் தொட்டு, “அது அந்தப் பக்கம், பேபி” என்று விரலால் காட்டுவார். இரண்டாவது மணி நேரத்தில் கடலைப் பை என் மடிக்கு வந்துவிட்டது.

டவுன்டவுனில் பெரிய அரங்குகளிலும் பிறகு பார்த்திருக்கிறேன். பார்வையாளர்களில் வெள்ளைக்காரர்கள்தான் அதிகம். உன்னிப்பாகப் பார்க்கிறார்கள், முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள், அந்த மரியாதையில் குறை சொல்ல எதுவும் இல்லை. எனக்கு மட்டும் அந்த “ம்ம்ம்” இல்லாமல் நாடகம் பாதிதான் நடந்த மாதிரி இருக்கும். கறுப்பின மக்களுக்கென்று தனி அரங்குகள் வேண்டும் என்று 1996-இல் வில்சன் அவ்வளவு உறுதியாகப் பேசியது ஏன் என்று எனக்கு அந்தக் கொல்லைப்புறத்தில்தான் புரிந்தது.

அப்புறம் ‘ஜிட்னி’. லைசென்ஸ் உள்ள டாக்சிகள் ஹில் பக்கம் வர மறுத்ததால் அங்கே இருந்தவர்களே சொந்தக் காரில் சவாரி ஏற்றினார்கள், அவர்களின் கதை இது, 1977-இல் நடக்கிறது. 2017-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் போட்டபோது, நாடகங்களுக்குத் தரும் டோனி விருதும் வாங்கியது. நான் பார்த்த அன்று மேடையில் ஃபோன் மணி அடித்ததும், நடிகர் கையை நீட்டுவதற்கு முன்பே பின்வரிசையில் ஒரு தாத்தா, ஃபோனை எடுத்ததும் அந்த ஓட்டுநர்கள் சொல்கிற “கார் சர்வீஸ்” என்பதைச் சொல்லிவிட்டார். அரங்கமே ஆரவாரித்தது. காத்திருந்து பழகிய குரல் அது.

கொல்லைப்புறத்தில் பார்த்த அந்த முதல் நாடகம் முடிந்து டவுன்டவுன் போகும் பஸ்ஸில் நானும் ஊதாத் தொப்பி அம்மாவும் சேர்ந்துதான் ஏறினோம். 1950-களின் கடைசியில் சிவிக் அரீனா என்ற பெரிய உள்ளரங்கம் கட்டுவதற்காக ஹில்லின் கீழ்ப்பகுதியான லோயர் ஹில்லை இடித்து சுமார் 8000 பேரை வெளியேற்றியதாக நூலகத்தில் படித்திருந்தேன். 1961-இல் திறந்த அந்த அரீனாவையும் பின்னால் இடித்துவிட்டார்கள். பஸ் அந்தப் பக்கம் திரும்பியபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்தார். வரிசையாகக் கார்கள் நின்ற வெறும் பார்க்கிங் இடம். “எங்க வீடு இங்கேதான் இருந்தது, இடிக்கும்போது எனக்குப் பன்னிரண்டு வயசு” என்றார். பஸ் அதைத் தாண்டிப் போகும்வரை விரலை எடுக்கவில்லை.