கோயில் சீரியல் லைட் செட்டுக்கு யார் லெட்டர் தருவார்?

கனடாவில் எலக்ட்ரீஷியன் லைசென்ஸுக்காக விசாரிக்கப் போயிருந்தேன். பழைய முதலாளியிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், மொத்தம் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று அதில் இருக்க வேண்டும் என்று கவுன்ட்டரில் இருந்தவர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. காரைக்குடியில் மணிக்கணக்கு பார்த்து வயரிங் வேலை செய்தவர் யார்?

நான் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தத் தொழிலை நினைத்தவர் எல்லாம் தொட முடியாது. லைசென்ஸ் வேண்டும், இல்லை பதிவு செய்த அப்ரன்டிஸாக, அதாவது வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்பவராக இருக்க வேண்டும். வீடு, கட்டட வயரிங்குக்கான பிரிவு 309ஏ. மொத்தம் 9,000 மணி நேரம், இடையில் மூன்று கட்டமாகக் கல்லூரி வகுப்பு, கடைசியில் தேர்வு, அதில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். ஊரில் செய்த வேலையை நிரூபித்துவிட்டால் நேராகத் தேர்வுக்கே போகலாம். அதற்குத்தான் அந்த லெட்டர்.

அன்று ராத்திரியே அண்ணனுக்குப் போன் போட்டேன். ஐடிஐ முடித்த கையோடு என்னைச் சேர்த்துக்கொண்டு தொழில் சொல்லிக் கொடுத்தவர். "லெட்டர்ஹெட்டா? நம்மகிட்ட ரசீது புக்குதான் இருக்கு தம்பி, அதுல எழுதித் தரவா?" என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போனை வைத்தபிறகு தூக்கமே வரவில்லை.

செட்டிநாட்டு வீட்டில் வயர் இழுத்தவருக்குத் தெரியும். முட்டைப் பூச்சுச் சுவரில் உளியை வைத்தால் ஆச்சி அடிக்கவே வருவார். உத்தரத்தை ஒட்டி மர ரீப்பர் அடித்து, அதன் மேல் கிளிப் வைத்து, வயர் இருப்பதே தெரியாமல் கொண்டுபோக வேண்டும். கொப்புடையம்மன் கோயில் திருவிழா வந்தால் ராத்திரி பகல் கிடையாது. சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடும், சாமி புறப்படுவதற்குள் டெஸ்டரோடு ஏணியில் தொங்கிக்கொண்டு அந்த ஒன்றைத் தேட வேண்டும். இதெல்லாம் எத்தனை மணி நேரம் என்று எந்தத் தாளில் இருக்கிறது?

இங்கே படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஊரில் கறுப்பு வயர் என்றால் நியூட்ரல், இங்கே கறுப்பில்தான் கரன்ட் வரும், வெள்ளைதான் நியூட்ரல். கையில் ஊறிப்போன பழக்கம் ஆளையே கொன்றுவிடும், ஆகவே வகுப்பு வேண்டும், தேர்வும் வேண்டும். ஊரில் 230 வோல்ட், இங்கே பிளக்கில் 120. சுவருக்குள் மரச்சட்டம், அதில் ஓட்டை போட்டு லூமெக்ஸ் கேபிளை நுழைத்தால் போதும், உளி வேலையே இல்லை. சதுரத் தலை ஸ்க்ரூவுக்கு ராபர்ட்சன் ஸ்க்ரூடிரைவர், கனடாக்காரர் ஒருவர் கண்டுபிடித்தது, வழுக்கவே வழுக்காது. அது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் புதிதாகப் படி என்பது வேறு, நீ இதுவரை ஒன்றுமே செய்யவில்லை என்பது வேறு.

சரி, அப்ரன்டிஸாகவே ஆரம்பிக்கலாம் என்றால் அதற்கு ஸ்பான்சர் வேண்டும். அதாவது நம்மை வேலைக்கு எடுத்துக் கற்றுக்கொடுக்க ஒரு முதலாளி. உயரத்தில் வேலை செய்யும் பயிற்சியை முடித்தேன், அது இல்லாமல் கட்டட வேலையில் ஏற விடமாட்டார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒமேகா குறி போட்ட ஷூ வாங்கினேன், ஷாக் அடிக்காமல் காக்கும் அடிப்பாகம் கொண்டது. ஊரில் ஹவாய் செருப்போடு மெயின் போர்டைத் திறந்தது ஞாபகம் வந்தது. விடிவதற்குள் பஸ் ஏறி டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வேலை நடக்கும் இடங்களாகப் பார்த்து ரெஸ்யூமே கொடுத்தேன். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: கனடாவில் வேலை செய்திருக்கிறாயா?

கடைசியில் ஒரு சின்ன கான்ட்ராக்டர் எதுவும் கேட்காமல் ஒரு வயரிங் பெட்டியைக் காட்டி, முடித்துக் காட்டு என்றார். முடித்தேன். வயர் வளைந்திருந்த விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வா என்றார். இப்போது அப்ரன்டிஸாகப் பதிவாகிவிட்டது, குளிர்கூடப் பழகிவிட்டது. ஆனாலும் மரச்சட்டத்தில் ஓட்டை போடும்போதெல்லாம் மனசு அந்த உத்தரத்துக்கே போய்விடுகிறது.

போன வாரம் அண்ணனே கூப்பிட்டார். பரணில் பழைய கூலி நோட்டுகள் கிடைத்தனவாம். தேதி, யார் வீடு, யார் யார் வேலைக்கு வந்தோம், சனிக்கிழமை எவ்வளவு கொடுத்தார், எல்லாம் அவர் கையெழுத்தில். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். மொழிபெயர்க்க ஆள் பார்த்துவிட்டேன். ஏற்றுக்கொண்டாலும் சரி, கொள்ளாவிட்டாலும் சரி, அந்தக் கவுன்ட்டரில் ஒரு பக்கம் விடாமல் வைக்கப்போகிறேன்.