கிட்டாருக்கு இன்ஸ்பெக்‌ஷன் போட்ட மாமா

பழைய கிட்டார் வாங்கப் போனால் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போ என்பார்கள். அந்த ஆளுக்குக் கிட்டாரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு வாய்த்தது மாமா. பெங்களூர் எச்.ஏ.எல்.லில் ஹெலிகாப்டர் பிரிவில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சேத்தக் ஹெலிகாப்டரைச் சோதித்த அதே கண்ணால்தான் இன்று முருகேஷ்பாளையா கடையில் முருங்கைக்காயையும் சோதிக்கிறார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டு. எதில் என்ன கோளாறு தெரிந்தாலும் அதில் 'ஸ்னாக்' என்று நம்பர் போட்டு எழுதிவிடுவார். என் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தபோது எழுதிய பட்டியல் இன்னும் அத்தையிடம் இருக்கிறது.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: யமஹா எஃப்ஜி-180, ரெட் லேபிள், ஜப்பான் தயாரிப்பு, ஒரிஜினல் பிக்கப்புடன், 22,000 ரூபாய். பிக்கப் என்றால் கம்பியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற மின் சிக்னலாக மாற்றும் சாமான். இந்த மாடல் 1966ல் வந்தது. ஓட்டை வழியாக உள்ளே பார்த்தால் சிவப்பு லேபிளில் நிப்பான் காக்கி என்ற பெயர் இருக்கும். 1987 வரை யமஹா கம்பெனிக்கு அதுதான் பெயர். மேல்பலகை ப்ளைவுட்தான். ஆனாலும் கிட்டார்க்காரர்கள் நடுவில் நல்ல பேர். ப்ளைவுட்டாகவே இருந்தாலும் வயசானால் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. விஷயம் என்னவென்றால், இந்த மாடல் ஃபாக்டரியை விட்டு வரும்போது அதில் பிக்கப் கிடையாது. அப்படியானால் 'ஒரிஜினல் பிக்கப்' என்பதற்கு ஒரே அர்த்தம்தான். பிற்பாடு யாரோ ஒருவர் ஒரிஜினலாக ஓட்டை போட்டிருக்கிறார்.

வீடு காக்ஸ் டவுனில். ஓடு வேய்ந்த பழைய வீடு, வாசலில் மரச்சட்டம் வைத்த முகப்பு. கதவைத் திறந்த ஆன்ட்டி எங்களைப் பார்ப்பதற்கு முன் மாமா கையில் இருந்த பையைத்தான் பார்த்தார். அதற்குள் மல்டிமீட்டர், டார்ச், ஸ்க்ரூடிரைவர் செட், பல் டாக்டர் வாயில் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி.

"ப்ளம்பரா?"

"இல்ல ஆன்ட்டி, கிட்டார் பாக்க வந்தோம்."

"கிட்டாருக்கு எதுக்கு இவ்ளோ சாமான்?" என்று கேட்டுக்கொண்டே டீயும் அச்சு முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். கிட்டார் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் எப்போதோ பெர்த் போய் அங்கேயே தங்கிவிட்டார். பேரன் கொஞ்ச நாள் சர்ச்சில் வாசித்தான், இப்போது கீபோர்டுக்கு மாறிவிட்டான்.

மரவேலையை நானே பார்த்தேன். கிட்டாரில் சாதாரண லைட் செட் கம்பி போட்டாலே ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அத்தனை வருஷம் இழுத்தால் கழுத்து மெல்ல முன்னால் எழும்பும், கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளை விட்டுக் கம்பிகள் உயரும். அளக்க ஸ்கேல் வேண்டியதில்லை. ஏ.டி.எம். கார்டு ஒவ்வொன்றும் 0.76 மில்லிமீட்டர் தடிமன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு அடியில் மூன்று கார்டு அடுக்கினால் சிரமப்பட்டு நுழைய வேண்டும். இதில் நாலு கார்டு சுகமாக நுழைந்தது. நாலிலும் சேர்த்து எவ்வளவு பணம் இருந்தது என்பது வேறு விஷயம். மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் என்ற கட்டைக்கு அடியில் ஒரு காகித ஓரத்தை விட்டுப் பார்த்தேன், எங்கும் நுழையவில்லை. நல்லது. மாமா நோட்டில் எழுதினார்: 'ஸ்னாக் 1. கழுத்து. அனுமதித்த அளவுக்கு மேல்.'

"யார் அனுமதிச்ச அளவு?" என்றார் ஆன்ட்டி.

பக்கவாட்டில் திருப்பியதும்தான் கூத்தே ஆரம்பித்தது. பக்கப் பலகையில் ஒரு சின்னச் செவ்வக ஓட்டை, அதில் பிக்கப் சிக்னலைச் சரிப்படுத்தி அனுப்பும் ப்ரீஆம்ப் பெட்டி. வால்யூம், பேஸ், ட்ரெபிள் என்று சறுக்குப் பொத்தான்கள். வெட்டியவர் கையில் கிடைத்த ஆக்சா ப்ளேடில் வெட்டியிருக்கிறார் போலிருக்கிறது, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தது. மாமா அந்த மூலைகளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"டேய், கூர் மூலை வெட்டியிருக்கான்டா. ரேடியஸே குடுக்கல."

அப்புறம் காமெட் கதை வந்தது. 1954ல் காமெட் என்ற ஜெட் விமானங்கள் நடுவானில் உடைந்து விழுந்தது, விசாரணையில் உடம்பில் போட்ட வெட்டுகளின் மூலையில் விரிசல் தொடங்கியதைக் கண்டுபிடித்தது, அதற்குப் பிறகு வந்த காமெட்களின் ஜன்னல் வடிவத்தையே மாற்றியது. கதையில் தப்பில்லை. ஆனால் டீ ஆறிவிட்டது. ஆன்ட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, இது பறக்காது" என்றார். மாமா பதில் சொல்லாமல் பல் டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்தார். கீழ் மூலையில் இருந்து முடி போல ஒரு விரிசல், விரல் நகம் நீளத்துக்கு. ஸ்னாக் 2 எழுதும்போது அவர் முகத்தில் தெரிந்த திருப்தி ரிட்டயர்மென்ட் ஃபேர்வெல் அன்றுகூடத் தெரிந்ததில்லை.

நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியை வெளியே இழுத்தோம். சாடில் என்று சொல்கிற அந்த வெள்ளை எலும்புத் துண்டுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பில் இருந்து ஒரு மெல்லிய ஒயர் வந்து இதில் சொருகியிருக்கும். மாமா அதைப் பிடுங்கி மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டார். திரையின் இடது ஓரத்தில் ஒற்றை '1'. எந்த ரேஞ்சுக்கு மாற்றினாலும் அதே '1'.

"ஓப்பன் சர்க்யூட். செத்துப்போச்சு" என்று சத்தமாகவே சொன்னார்.

ஆன்ட்டி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். "அது வேலை செய்யலன்னா… சரி, 15 ஆயிரம் குடுங்க. எனக்கும் ரூம் காலி ஆவணும்."

பிக்கப் சாகவில்லை என்பது எனக்குத் தெரியும். அது பீசோ. காந்தப் பிக்கப்பாக இருந்தால் உள்ளே செம்புக் கம்பிச் சுருள் இருக்கும், மீட்டர் சில ஆயிரம் ஓம்ஸ் காட்டும். பீசோவில் சுருளே கிடையாது. அழுத்தினால் மின்சாரம் தருகிற ஒரு பொருள், இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில். மீட்டர் விடும் கரண்ட் அதற்குள் போகாது. ஓப்பன் காட்டினால்தான் அது ஆரோக்கியம், ஷார்ட் காட்டினால்தான் கவலைப்பட வேண்டும். இவ்வளவும் என் தொண்டை வரை வந்து நின்றது. 7,000 ரூபாயும் கூடவே வந்து நின்றது. மாமா கண்ணால் 'வாயை மூடு' என்றார். ஆனால் அந்த அச்சு முறுக்கை வேறு தின்றுவிட்டேன். சொல்லிவிட்டேன்.

ஆன்ட்டிக்குப் புரியவில்லை. "கிச்சன்ல கேஸ் லைட்டர் இருக்கில்ல ஆன்ட்டி? டக்னு அமுத்துனா பொறி வருதே, பேட்டரியா போடறீங்க? உள்ள இருக்கறது இதே சாமான்தான்" என்றேன். லைட்டரையே எடுத்துவந்து இரண்டு தரம் அடித்துப் பார்த்துக்கொண்டார். மாமாவைச் சமாதானப்படுத்துவதுதான் கஷ்டம். மீட்டரை 200 மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, சாடிலை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டச் சொன்னேன். தட்டினார். எண்கள் துள்ளின. மறுபடி தட்டினார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

இந்த மாதிரி சாடிலுக்கு அடியில் பீசோ வைப்பதைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் ஓவேஷன் கம்பெனி, அதைத் தொடங்கிய சார்லஸ் காமனுக்கு அசல் தொழில் ஹெலிகாப்டர் தயாரிப்பு என்று சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "காமனா? அந்தக் காமனா? அதான் டிசைன் ஒழுங்கா இருக்கு" என்றார். செத்துப்போச்சு என்று சொன்ன அதே வாய்.

"அப்போ நல்லாதான் இருக்கு. 22 ஆயிரம்தான் தம்பி" என்றார் ஆன்ட்டி.

அடுத்தது ப்ரீஆம்ப். பீசோவில் இருந்து வரும் சிக்னலை நேராகச் சாதாரண மைக் இன்புட்டில் கொடுத்தால் அடித்தொனி எல்லாம் காணாமல் போய் தகர டப்பா மாதிரிக் கேட்கும். குறைந்தது ஒரு மெகாஓம் எதிர்ப்புள்ள இன்புட் அதற்கு வேண்டும். அதற்குத்தான் நடுவில் ப்ரீஆம்ப், அதற்குத்தான் 9 வோல்ட் பேட்டரி. பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. காரணம் விசாரித்தபோது தெரிந்தது: பேரன் ஒயரைப் பிடுங்கவே மாட்டானாம், சொருகியபடியே சுவரில் சாய்த்து வைப்பானாம். இந்தக் கிட்டார்களில் தனியாக ஸ்விட்ச் கிடையாது. ஜாக்கில் ஒயரைச் சொருகுவதுதான் ஸ்விட்ச். உள்ளே இருப்பது ஸ்டீரியோ ஜாக். சாதாரண மோனோ ப்ளக்கைச் சொருகினால் அது இரண்டு தொடுப்புகளைச் சேர்த்து பேட்டரி இணைப்பை முடித்துவைக்கும். யாரும் வாசிக்காமலே மாதக்கணக்கில் ஓடி ஓடி பேட்டரி உள்ளேயே ஒழுகிவிட்டது.

பொடியை மூக்கில் படாமல் துடைத்து, தொடுப்புகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தோம். புது பேட்டரி? தெருமுனைக் கடைக்காரர் "அது இல்லா சார், ரிமோட் செல் பேக்கா, வேணுமா?" என்றார். திரும்பி வந்தேன். எல்லோர் கண்ணும் மாமாவின் மல்டிமீட்டர் மேல் போனது. அதற்குள்ளும் அதே 9 வோல்ட் பேட்டரிதான்.

மாமா மீட்டரை மார்போடு அணைத்துக்கொண்டார். "இன்ஸ்ட்ருமென்ட் இல்லாம என்னடா இன்ஸ்பெக்‌ஷன்?" அதில் நியாயம் இருந்தது. பேட்டரியை மீட்டரில் வைத்தால் அளக்கலாம், ஆனால் கிட்டார் பேசாது. கிட்டாரில் வைத்தால் கிட்டார் பேசும், அளக்க ஆளில்லை. அந்த பேட்டரியில் மிச்சம் எத்தனை வோல்ட் என்று பார்க்கவும் அதே மீட்டர்தான் வேண்டும், மீட்டருக்கோ அதே பேட்டரி வேண்டும். கொஞ்ச நேரம் மூவரும் அச்சு முறுக்கைச் சாப்பிட்டோம். கடைசியில் மாமா "டெம்பரரியா" என்று மூன்று முறை சொல்லிக் கழற்றிக் கொடுத்தார்.

ஆம்ப் இல்லை, பேரனின் கரோகே ஸ்பீக்கர் இருந்தது. அதில் எக்கோ முழுசாகத் திறந்திருந்தது யாருக்கும் தெரியாது. முதல் கம்பியைத் தட்டியதும் 'டொய்ங்… ஒய்ங்… ஒய்ங்' என்று வீடே அதிர, பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. எக்கோவைக் குறைத்துவிட்டு ஒவ்வொரு கம்பியாகக் கேட்டேன். வால்யூமை நகர்த்தினால் கரகரப்பு. தூசிதான், கான்டாக்ட் க்ளீனர் அடித்தால் போய்விடும். லேசான ஹம், ஸ்பீக்கர் ப்ளக்குக்கு இரண்டே முள், எர்த் கிடையாது, அதனால் அந்தப் பழியைக் கிட்டார் மேல் போடவில்லை. ஆனால் தடித்த கம்பிகள் முழங்க, மெல்லிய இரண்டும் முனகின. இதுதான் கவனிக்க வேண்டியது. பீசோ மேல் சாடில் எங்கும் சமமாக அழுத்தாவிட்டால் சில கம்பிகள் இப்படி ஊமையாகும்.

கம்பிகளைத் தளர்த்திச் சாடிலை உருவினோம். தடித்த கம்பிப் பக்கம் அடியில் மடித்து மடித்து வைத்த ஒரு பஸ் டிக்கெட். பி.டி.எஸ். என்று அச்சு, பெங்களூர் டவுன் பஸ்ஸின் பழைய பெயர். இப்போதைய பெயரான பி.எம்.டி.சி. வந்ததே 1997ல் என்பதால், யாரோ கம்பியை உயர்த்த முட்டுக்கொடுத்தது அதற்கு முந்தைய காலம். அதை எடுத்துவிட்டுச் சாடிலைத் திரும்ப வைத்ததும் ஆறு கம்பியும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்கு வந்தன. கம்பி உயரமும் ஒரு துளி இறங்கியது. மாமா டிக்கெட்டை டார்ச் அடித்துப் பார்த்து, "ஸ்டேஜ் நம்பர் சரியா தெரியல" என்று அதையும் குறித்துக்கொண்டார்.

பேரம் நீளவில்லை. மாமா எழுந்து நின்று ஸ்னாக் பட்டியலை வாசித்தார். கழுத்து, விரிசல், பேட்டரிக் கசிவு, கரகரப்பு. நானும் ஒரு விஷயத்தைச் சொன்னேன்: மரத்துக்குத்தான் விலை, பிக்கப் இந்தக் கிட்டாரோடு பிறந்ததில்லை, ஓட்டை போட்டதற்குக் குறைக்கத்தான் வேண்டுமே தவிர ஏற்ற முடியாது. ரெட் லேபிள் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டையில்லாததைத்தான் தேடுவார்கள். ஆன்ட்டி எல்லாம் கேட்டுவிட்டு 17,500 என்றார். சரி என்றேன்.

பணம் அனுப்பியதும் மாமா பேட்டரிப் பெட்டியைத் திறக்கப் போனார். ஆன்ட்டி கிட்டார் மேல் கை வைத்தார்.

"டெஸ்ட் பண்ணப்ப உள்ள என்ன இருந்துச்சோ அதெல்லாம் சேத்துதான் இந்த விலை. வாங்கினவரு வேணும்னா எடுத்துக் குடுக்கட்டும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

விரிசலுக்கு ரிப்பேர் செய்கிறவர் உள்பக்கம் சின்ன மரத்துண்டு வைத்து ஒட்டிக் கொடுத்தார், கரகரப்பும் போய்விட்டது. மாமா வந்து கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, ஒவ்வொரு ஸ்னாக்கிலும் 'க்ளோஸ்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி: 'மல்டிமீட்டர். பேட்டரி இல்லை.' எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு பக்கம் போகும்போது வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அல்கலைன்தான் வேண்டுமாம். பில்லோடு.