பூட்டும் கம்பியும்

வேலூர் பக்கத்து அமிர்தி உயிரியல் பூங்காவில் இன்று கூண்டைப் பூட்டிய ஊழியர், பூட்டை இழுத்துப் பார்த்தார். நாலடி போனவர் திரும்பி வந்து மறுபடியும் இழுத்தார்.

எனக்கு ஃபூ மான்சு ஞாபகம் வந்துவிட்டது.

1968இல் அமெரிக்காவின் ஒமாஹா உயிரியல் பூங்காவில் இருந்த ஒராங்குட்டான், அதாவது ஒரு வகை மனிதக் குரங்கு. கூண்டிலிருந்து அடிக்கடி வெளியே வந்துவிடும். பராமரிப்பாளர்களுக்குத்தான் திட்டு. அப்புறம் பார்த்தால், கதவைத் திறக்கும் கம்பித்துண்டை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறது!

என்னை நெகிழ வைப்பது இன்னொன்று. ஒராங்குட்டான் குட்டி ஏழெட்டு வருடம் தாயோடுதான் இருக்கும். தாய் சேர்த்துக்கொள்ளாத குட்டி பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டுமே?

அப்படிப்பட்ட குட்டிக்காக உயிரியல் பூங்காக்களில் பராமரிப்பாளர்கள் ரோமம் போல நூல் தொங்கும் மேலாடை போட்டுக்கொள்கிறார்கள். ராத்திரி பகலாக, முறை வைத்துச் சுமக்கிறார்கள். வேறொரு பெண் ஒராங்குட்டான் அந்தக் குட்டியை ஏற்றுக்கொண்டால், சந்தோஷமாக விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.