லிஃப்டுக்குள் தராசு

காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்ட மறுநாளே பையனைக் கடையில் உட்கார வைத்தேன். என் தப்புதான். பத்தாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் இருந்தால் போனும் கையுமாக இருப்பான், கல்லாவில் இருந்தால் நாலு பேரிடம் பேசவாவது கற்றுக்கொள்வான் என்று நினைத்தேன்.

வேலூர் கொசப்பேட்டையில் சின்ன அரிசிக் கடை எங்களுடையது. ஆரணியிலிருந்து லோடு வரும், எல்லாம் 26 கிலோ சிப்பம். அதென்ன 26 என்று கேட்பவர்களுக்கு: 2022 ஜூலையில், 25 கிலோ வரை பேக் செய்து விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். அதிலிருந்து மூட்டை ஒரு கிலோ குண்டாகிவிட்டது.

காலை பத்து மணி இருக்கும். நான் உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாக வரும் ஆயா ஒருத்தர் வந்து பையனிடம் கேட்டார்.

"இன்னா கண்ணு, இந்த மூட்டை இன்னா எடை?"

"254.8 நியூட்டன் ஆயா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஆயா குரல் வந்தது.

"நியூ அரிசி வாணாம் கண்ணு. கொழஞ்சி களி மாதிரி பூடும். பழசு இருந்தா போடு."

நான் ஓடி வருவதற்குள் ஆயா செருப்பை மாட்டிவிட்டார். பழசுதான் ஆயா, ஒரு வருசத்துப் பழசு, சாயங்காலம் வீட்டுக்கே அனுப்புகிறேன் என்று கெஞ்சித்தான் அந்த வியாபாரத்தைக் காப்பாற்றினேன்.

"ஏன்டா, 26 கிலோன்னு சொன்னா வாய் வலிக்குமா?"

"26 கிலோங்கிறது நிறைப்பா. ஆயா கேட்டது எடை. எடைன்னா நிறையை 9.8-ஆல பெருக்கி நியூட்டன்ல சொல்லணும். நீ சொல்ற மாதிரி எழுதினா எங்க சார் அரை மார்க் குறைப்பாரு."

அவனுக்கு அரை மார்க். எனக்கு ஒரு சிப்பம். எது பெரிய நஷ்டம் என்று அவனுக்குப் புரிய வைக்க முடியவில்லை. அதோடு விட்டானா? மத்தியானம் நான் சாப்பிட்டு வருவதற்குள் மார்க்கர் பேனாவை எடுத்து, முன் வரிசையில் இருந்த பன்னிரண்டு சிப்பத்திலும் 'நிகர எடை' என்று அச்சடித்திருந்ததில் 'எடை'யை அடித்துவிட்டு, சாணளவு எழுத்தில் 'நிறை' என்று எழுதி வைத்திருந்தான். பரீட்சைத் தாளில் இவ்வளவு அழகாக அவன் எழுதி நான் பார்த்ததில்லை.

ராத்திரி சாப்பிடும்போது பஞ்சாயத்து. எங்கள் தாத்தா காலத்தில் வீசை, மணங்கு என்றார்கள், 1956-ல் சட்டம் வந்த பிறகு கிலோ, கிராம் என்றார்கள், எதில் சொன்னாலும் அது எடைதான் என்றேன் நான். பையன் விடவில்லை. நிறை என்பது பொருளுக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது; அது எங்கே போனாலும் மாறாது. எடை என்பது பூமி அதை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது. இடத்துக்கு இடம் மாறும். பூமி இழுக்கும் அந்த 9.8-க்குப் பேர் ஈர்ப்பு முடுக்கம்; நிலாவில் அது வெறும் 1.625. நம் சிப்பத்தை அங்கே கொண்டுபோய் இந்த எலக்ட்ரானிக் மிஷினில் வைத்தால் 4.3 கிலோ என்றுதான் காட்டுமாம்.

எங்கள் ஊருக்கு ஏற்கெனவே தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் எடை இல்லாத அரிசியும் சேர வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள்.

ஆனால் அடுத்து அவன் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பூமியிலேயே எல்லா ஊரிலும் ஒரே இழுப்பு இல்லையாம். துருவத்துப் பக்கம் 9.83, நிலநடுக்கோட்டுப் பக்கம் 9.78. டெல்லியைவிட வேலூரில் இழுப்பு ஒரு நூல் குறைவு. டெல்லியில் சரிபார்த்த மிஷினை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால், 26 கிலோ சிப்பம் கிட்டத்தட்ட 25 கிராம் குறைவாகக் காட்டும். அதே மிஷினை ஏலகிரி மேலே கொண்டுபோனால் இன்னும் ஏழு கிராம் போய்விடும்.

புது மிஷின் வாங்கியபோது அதை மாட்ட வந்த ஆள், எடைக்கற்களை ஏற்றி இறக்கி அரை மணி நேரம் என்னமோ பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தான். காசு ஏற்றத்தான் நடிக்கிறான் என்று அன்றைக்கு மனதுக்குள் திட்டினேன். பாவம், அவன் வேலூருக்கு ஏற்ற மாதிரி புவியீர்ப்பைச் சரி செய்துகொண்டிருந்திருக்கிறான். இன்னொன்றும் தோன்றியது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எடை குறைகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் 'அது புவியீர்ப்புங்க' என்று சொல்லிவிடலாமே! முத்திரை போட வரும் ஆய்வாளரிடம் மட்டும் இது செல்லாது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. பரணிலிருந்து தாத்தாவின் பித்தளைத் தராசை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தோம். பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, இது மட்டும்தான் நிறையை அளக்குது. ஒரு தட்டுல கல்லு, ஒரு தட்டுல பருப்பு. இழுப்பு குறைஞ்சா ரெண்டுக்கும் சேர்ந்துதான் குறையும். நிலாவுல கடை போட்டாலும் இது சரியா காட்டும்."

தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் நிலாவில் ஒரு கிளை திறந்திருப்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிரூபித்துக் காட்டுடா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். நிலாவுக்குப் போக முடியாது, ஆனால் அத்தை வீட்டு அபார்ட்மெண்டில் லிஃப்ட் இருக்கிறது என்றான்.

அக்கா வீடு சத்துவாச்சாரியில், ஐந்தாவது மாடி. அவள் வீட்டில் மேலே ஏறி நின்றால் ஊசி சுற்றும் எடை மிஷின் ஒன்று உண்டு. அதை லிஃப்டுக்குள் வைத்து என்னை ஏறி நிற்கச் சொன்னான். 84. என் மனைவிக்கு இதுவரை 78 என்று சொல்லி வைத்திருந்தேன், அது போகட்டும். கீழேயிருந்து ஐந்தை அமுக்கினான். லிஃப்ட் குலுங்கிக் கிளம்பியதும் ஊசி சடாரென்று 88-க்குப் போனது. மேலே போகும் வரைக்கும் 88 காட்டும் என்று நான் நினைத்தேன். இரண்டு வினாடிகூட இல்லை, ஊசி பழையபடி 84-க்கே வந்து நின்றுவிட்டது. ஐந்தாவது மாடி நெருங்கி வேகம் குறையும்போது 80.

"வேகம் மாறும்போதுதான்பா தோற்ற எடை மாறும். ஒரே வேகத்துல போனா நின்னுக்கிட்டு இருக்கிற மாதிரிதான்."

எனக்குக் கை பரபரத்தது. கூடியது நாலு, அதை 84-ஆல் வகுத்து 9.8-ஆல் பெருக்கு. போனில் தட்டினால் 0.47. லிஃப்டின் முடுக்கம் அதுதான் என்றான் பையன். முப்பது வருடமாக வட்டிக் கணக்கு போட்ட எனக்கு, முதல் முறையாக ஒரு கணக்கில் யாருமே பாக்கி வைக்கவில்லை.

அப்போது மூன்றாவது மாடி அம்மா ஏறினார்கள். எடை மிஷினைப் பார்த்தால் நம் ஜனங்களுக்குக் கால் சும்மா இருக்காதே, கீழே போகத்தானே போகிறோம் என்று ஏறி நின்றார்கள். 72. லிஃப்ட் இறங்க ஆரம்பித்ததும் 68.

"ஐயோ, நாலு கிலோ குறைஞ்சிட்டேனா?"

தரைத்தளத்தில் நிற்கும்போது ஊசி 76-ஐத் தொட்டுவிட்டு வந்தது. அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தம்பி, இன்னொரு வாட்டி மேலே போய் இறங்கலாம், அந்த 68-லேயே நிறுத்த முடியுமா என்று கேட்டார்கள். பையன் ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னான்.

"68 என்ன ஆண்ட்டி, கயிறு அறுந்துச்சுன்னா பூஜ்ஜியமே காட்டும்."

அந்த அம்மா குதித்து வெளியே போன வேகத்துக்குச் சூத்திரம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது.

கடைசியாகத் தராசு. தாத்தா மாதிரியே கையை உயர்த்திப் பிடித்தேன். ஒரு தட்டில் ஒரு கிலோ கல், இன்னொன்றில் ஒரு கிலோ துவரம் பருப்பு. லிஃப்ட் கிளம்பியது. கைக்குத் தராசு கொஞ்சம் கனத்தது, ஆனால் நடுமுள் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. இறங்கும்போதும் அப்படியே. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று எழுதினால் நம்புவீர்களோ என்னவோ.

அந்த நேரம் பார்த்துக் கீழே கதவு திறந்தது. சைக்கிளோடு காத்திருந்த ஒரு பொடியன் நேரே உள்ளே வந்து என் முழங்கையில் மோதினான். தட்டு நின்றது, பருப்பு நிற்கவில்லை. நிலைமம் என்றான் பையன். பாதிப் பருப்பு லிஃப்டுக்கும் தரைக்கும் இருக்கும் இடுக்கு வழியாகக் கீழே குழிக்குள் போய்ச் சேர்ந்தது. வாட்ச்மேன் வந்தார், சங்கச் செயலாளர் வந்தார். அக்கா வரவில்லை, மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எங்களைத் தெரியாத மாதிரி உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்ததாம். அக்கா போட்டோ எடுத்து அனுப்பினாள். 'லிஃப்டில் பருப்பு, அரிசி முதலிய பொருட்களை எடை போடக் கூடாது.' பையன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, எடை என்று போட்டது தப்பு, தராசில் பார்த்தது நிறை, அதனால் இந்த விதி நமக்குப் பொருந்தாது என்றான்.

ஒரு மாதம் கழித்து அந்த ஆயா திரும்ப வந்தார். அன்றைக்குக் கல்லாவில் நான்தான்.

"போன தபா வூட்டுக்கு அனுப்பினியே நைனா, சாதம் பூ மாதிரி இருந்துச்சு. அதே ஒண்ணு போடு."

"எது ஆயா, பொன்னியா?"

"அதெல்லாம் இல்ல. மூட்டை மேல பெருசா எழுதி இருந்துச்சே, என் பேத்திகூட படிச்சி காட்னா. நிறை பிராண்டு."

பையனின் மார்க்கர் பேனா எங்கே என்று கல்லா டிராயரைத் துழாவினேன்.