சந்தக்ஃபூ பாதையில் ஒரு குதிகால் கொப்புளம்

மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமான சந்தக்ஃபூவுக்கு (3,636 மீட்டர்) மானேபஞ்சனிலிருந்து நடக்கத் தொடங்கிய முதல் நாள், சித்ரேவுக்கு ஏறும் செங்குத்தான பாதையிலேயே என் வலது குதிகாலில் ஒரு சூடு தெரிந்தது. உடன் வந்தவர்கள் முன்னே போய்க்கொண்டிருந்ததால் நான் நிற்கவில்லை. அன்று மாலை தும்லிங்கில் ஷூவைக் கழற்றியபோது, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு நீர் கோத்த கொப்புளம் இருந்தது. பயணத்துக்கு நான்கு நாள் முன்புதான் அந்த ஷூவை வாங்கியிருந்தேன். காலில் இருந்ததோ வியர்வையில் ஊறிய பருத்திக் காலுறை.

ஷூ தோலைத் தேய்த்துப் புண்ணாக்குகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில், ஒவ்வோர் அடியிலும் உள்ளே எலும்பு நகர, வெளித்தோல் காலுறையோடு பிடித்துக்கொண்டு நின்றுவிடுவதால், இடையிலுள்ள தோலடுக்குகள் மீண்டும் மீண்டும் இழுபட்டுக் கிழிகின்றன; அந்த இடைவெளியில் நீர் ஊறுகிறது. ஈரத்தில் ஊறிய தோல் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், ஈரத்தை விடாத பருத்தியைவிடக் கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை மேலானது.

சிறிய, வலிக்காத கொப்புளத்தை உடைக்காமல் மூடி வைப்பதே நல்லது. என்னுடையது விம்மி வலித்தது; மறுநாளும் நடந்தாக வேண்டும். வழிகாட்டி வெந்நீரும் சோப்பும் கொடுத்துக் காலைக் கழுவச் சொன்னார். ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தில் குத்தி நீரை மெல்ல வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் அப்படியே படியவிட்டு, வாசலின் தடவி, ஒட்டாத துணிக்கட்டு போட்டோம். நடைப்பயணிகள் சிலர் ஊசியோடு நூலையும் கோத்து உள்ளேயே விட்டுவைப்பார்கள். அது கிருமிக்குத் திறந்துவிட்ட வழி, தயவுசெய்து செய்யாதீர்கள். அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் மகன், காலுறை இல்லாமல் டென்னிஸ் ஆடியதில் வந்த கொப்புளத்தில் கிருமி தொற்றி, 1924இல் தம் 16ஆம் வயதில் இறந்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. இன்றும் சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் தாமாக ஊசியைத் தொடவே கூடாது.

மறுநாள் காலை, நன்றாக இருந்த இடது குதிகாலுக்கும் விரல்களுக்கும், மருந்துக் கடைகளில் மைக்ரோபோர் என்று கேட்டால் தரும் காகித டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொண்டேன். நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள் 128 பேரிடம் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மலிவான டேப் கொப்புளங்களை 40 விழுக்காடு குறைத்தது. கைரிபாஸிலிருந்து காலிபோக்ரிக்கு ஏறும்போது மூன்று முறை சூடு தெரிந்தது. மூன்று முறையும் அங்கேயே உட்கார்ந்து, காலை உலர்த்தி, காலுறையை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

சந்தக்ஃபூவிலிருந்து குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு இறங்கும் நாளில் சோதனை விரல்களுக்கு. அதற்காக முந்தைய இரவே நகங்களை வெட்டி, காலையில் கணுக்காலருகே ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டி, பாதம் முன்னே சரியாமல் பார்த்துக்கொண்டேன். ஸ்ரீகோலா ஆற்றங்கரையில் ஷூவைக் கழற்றியபோது விரல்கள் நலமாக இருந்தன. வலது குதிகாலில் பழைய தோல் காய்ந்து, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.