எம்ஜிபி காரின் பொனற் பூட்டில் நிற்கவில்லை: குற்றவாளி ஊசி அல்ல, கேபிள்

கார் 1960களின் எம்ஜிபி என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார், அலுமினியப் பொனற். திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. குறை இதுதான்: பொனற்றை அமத்தினால் 'டக்' என்று விழுகிறது, கையால் இழுத்தால் அசையவில்லை. ஆனால் நிலாவெளிக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் முன் விளிம்பு இரண்டு விரல் உயரம் கிளம்பிப் பாதுகாப்புக் கொக்கியில் தொங்குகிறது.

இந்தக் காரில் இது விளையாட்டு விஷயமில்லை. எம்ஜிபி பொனற்றின் பிணைச்சல் முன் கண்ணாடிப் பக்கம் இருக்கிறது, பூட்டு மூக்குப் பக்கம். கொக்கியும் விட்டால் காற்று அடியில் புகுந்து பொனற்றை அப்படியே கண்ணாடிமேல் மடித்துவிடும். 80 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் நேராக மோதும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 30 கிலோ பாரத்துக்குச் சமம். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. ட்ரயம்ப் ஸ்பிற்ஃபயர் என்ற காரில் பிணைச்சல் முன்னால் இருப்பதால், ஓடும்போது காற்றே பொனற்றை மூடிப் பிடிக்கும். எம்ஜிபிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே வேலை முடியும்வரை கார் தெருவுக்கு ஏறக்கூடாது.

பூட்டின் அமைப்பு எளியது. பொனற்றின் அடியில் ஸ்பிரிங் சுற்றிய ஓர் ஊசி தொங்குகிறது. கீழே குறுக்குத் தகட்டில் ஒரு துளை. துளைக்கு அடியில் ஒரு நாக்கு. ஊசி இறங்கும்போது நாக்கு விலகி, ஊசியின் தோளுக்கு மேலே திரும்பி வந்து பிடித்துக்கொள்ளும். காருக்குள் இருக்கும் குமிழை இழுத்தால் கேபிள் நாக்கை விலக்கும், ஊசியின் ஸ்பிரிங் பொனற்றை மேலே தள்ளும். பாதுகாப்புக் கொக்கி இதிலிருந்து தனியான உறுப்பு.

பொனற் நிற்கவில்லை என்றதும் பெரும்பாலான கராஜ்களில் முதலில் திருகுவது ஊசியைத்தான். ஸ்குரூ டிரைவர் வைக்க ஊசியில் வெட்டு இருக்கிறது, திருகினால் ஏதோ மாற்றம் தெரிகிறது, அதனால் எல்லாருக்கும் அது பிடிக்கும். அது கடைசியில் தொட வேண்டிய உறுப்பு. நாக்கு முழுதாகத் திரும்பாத பூட்டில் ஊசியின் உயரத்தை மாற்றினால் குறை இரண்டு வாரம் ஒளிந்திருந்துவிட்டு மறுபடி வரும்.

முதல் சனி: கேபிளும் நாக்கும்

எதையும் கழற்ற முன் ஓர் அவசரக் கம்பி கட்ட வேண்டும். சோதனைக்காகப் பொனற்றை மூடிய பிறகு கேபிள் அறுந்தால், கிறிலைப் பிடுங்கித்தான் திறக்க வரும். மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பியில் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், போதும். கேபிள் பிடிக்கும் இடத்திலேயே நாக்கில் கட்டி, கிறிலுக்குப் பின்னால் நேரே கீழே இறக்கி, பம்பருக்கு அடியால் கை எட்டும் இடத்தில் வளையம் போட்டுவிட வேண்டும். விசிறிப் பக்கம் போகக்கூடாது. இழுபட்டும் நிற்கக்கூடாது, ஒரு விரல் தளர்வு வேண்டும். இந்தக் கம்பியை வேலை முடிந்த பிறகும் கழற்றத் தேவையில்லை.

பிறகு பொனற்றைத் திறந்து வைத்தபடியே சோதனை. ஒருவர் உள்ளே குமிழை இழுத்து விட, மற்றவர் நாக்கைப் பார்க்க வேண்டும். நல்ல பூட்டில் நாக்கு சுள்ளென்று திரும்பும். இங்கே அது சோம்பலாக ஊர்ந்து வந்து பாதியில் நின்றது. கேபிளைப் பூட்டிலிருந்து கழற்றி, நாக்கை விரலால் கடைசிவரை தள்ளி, அந்த இடத்தில் தகட்டில் ஊசிமுனையால் ஒரு கோடு கீறினோம். கேபிளை மறுபடி மாட்டியபோது நாக்கு அந்தக் கோட்டுக்கு 2 மி.மீ. முன்னாலேயே நின்றுவிட்டது.

குறை முழுவதும் அந்த 2 மி.மீற்றரில்தான் இருந்தது. நாக்கின் விளிம்பு மட்டும் ஊசியின் தோளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 'டக்' சத்தம் வரும், கையால் இழுத்தாலும் பிடிக்கும். ஆனால் தெருவின் அதிர்வு ஒவ்வொரு குழியிலும் அந்த விளிம்பை ஒரு மயிரிழை நகர்த்தி, ஊசியைக் கடைசியில் வழுக்கிவிடுகிறது. பூட்டின் சத்தத்தை நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

கேபிளைக் கழற்றிய நிலையில் நாக்கு சுள்ளென்று திரும்பினால் குறை கேபிளில். அப்போதும் சோம்பலாக வந்தால் அழுக்கு அல்லது திரும்பு ஸ்பிரிங். இங்கே இரண்டும் கலந்திருந்தன. கேபிள் இல்லாமலும் நாக்கு கோட்டுக்கு அரை மி.மீ. முன்னால் நின்றது.

கேபிளை உருவியபோது காரணம் கையிலேயே வந்தது. உள் கம்பியில் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்குக் கறள். கறள் பிடித்த இரும்பு பருக்கும், அதனால் வெளி உறைக்குள் இறுகும். இழுக்கும்போது கையின் பலத்தில் வந்துவிடும், திரும்பும்போது சின்ன ஸ்பிரிங்கால் அதை இழுக்க முடியாது. உப்புக்காற்றுக்குள் நிற்கும் காரில் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். மாரியில் வாடைக்காற்று கடல் தூவானத்தைக் கிறிலுக்குள்ளால் நேரே பூட்டின் வாயில் கொண்டுவந்து விடுகிறது.

கறள் மேலாக இருந்தால் கேபிளைக் காப்பாற்றலாம். சொப்பிங் பேக்கின் மூலையை வெட்டி வெளி உறையின் ஒரு முனையில் இறுக்கிக் கட்டி, கேபிளை நிமிர்த்தித் தொங்கவிட்டு, பைக்குள் இரண்டு மேசைக்கரண்டி மெல்லிய மெஷின் எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க விட வேண்டும். முதலில் மறுமுனையால் தேயிலைச் சாயம் போலச் சொட்டும். நிறம் தெளியும்வரை எண்ணெய் விட வேண்டும். டபிள்யூடி-40 கறளை இளக்க உதவும், ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும், அதை மட்டும் நம்பினால் இரண்டு மழையோடு சரி.

இந்தக் கேபிளில் உள் கம்பியின் இரண்டு இழைகள் ஏற்கெனவே அறுந்திருந்தன, ஆகவே புதிதுதான். எம்ஜிபிக்கு முழுக் கேபிள் இங்கிலாந்தில் இன்னும் விற்கிறார்கள். வந்துசேரும்வரை சைக்கிளின் பின் பிரேக் உள் கம்பி நன்றாக உதவும். 1.5 அல்லது 1.6 மி.மீ. தடிப்பு, கடையில் ஸ்டெயின்லெஸ் இருந்தால் அதையே கேட்டு வாங்க வேண்டும். பழைய கம்பியைப் பக்கத்தில் வைத்து அளந்து, ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். வெட்டும் இடத்தில் முதலில் ஒட்டும் ரேப் சுற்றாவிட்டால் இழைகள் பிரிந்து உறைக்குள் நுழையாது.

மாட்டும்போது இரண்டு கவனம். கேபிள் எங்கேயும் ஒரு சிரட்டையின் வளைவைவிட இறுக்கமாக வளையக்கூடாது. பூட்டோடு இணைத்த பிறகு குமிழ் முழுதாக உள்ளே இருக்கையில் கம்பியில் 2 முதல் 3 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். விறைப்பாகக் கட்டினால் புதுக் கேபிளும் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்கும், பழைய குறை அப்படியே திரும்பும். இந்த வேலையில் ஒரே ஓர் அளவை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

நாக்குக்கு மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும். உள்ளே இருந்தது கிறீஸும் கடற்கரை மணலும் குழைந்த கறுப்புக் களி. எங்கள் பக்கத்தில் திறந்த உறுப்புகளுக்குத் தடிப்பான கிறீஸ் கூடாது. மணல் ஒட்டிச் சாணைக்கல் போல உலோகத்தைத் தின்னும். கழுவிக் காயவைத்து, நாக்கு வழுக்கும் முகத்தை 400 இலக்க எமரி பேப்பரால் மெதுவாகத் துடைத்து, கிராஃபைட் தூள் மட்டும் போடப்பட்டது. திரும்பு ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கிடையில் வெளிச்சம் தெரிந்தது, அதாவது இழுபட்டு ஓய்ந்துவிட்டது. அதே கம்பித் தடிப்பும் அதே ஓய்வு நீளமும் உள்ளதைத் தேடிப் போட வேண்டும். பலமானது நல்லது என்று மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் போட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேபிள் அந்தப் பாரத்தைச் சுமக்கும்.

இவ்வளவோடு நாக்கு கோட்டைத் தொட்டு நின்றது.

இரண்டாம் சனி: ஊசி எங்கே இறங்குகிறது

பூட்டுத் துளையின் மேல் மறைப்பு ரேப் ஒரு துண்டு. ஊசியின் முனையில் நீலச் சுண்ணக்கட்டி. பொனற்றைத் தாழ்த்தி ரேப்பைத் தொட்டதும் தூக்கிப் பார்த்தால் நடுவில் வட்டப் புள்ளி விழ வேண்டும். விழுந்தது துளையின் இடது விளிம்பில், பிறை வடிவில், நடுவிலிருந்து 3 மி.மீ. தள்ளி. ஊசி ஒவ்வொரு முறையும் விளிம்பில் உரசிச் சரிந்துதான் உள்ளே போயிருக்கிறது. அதனால்தான் ஊசியின் தோளில் ஒரு பக்கம் மட்டும் மினுங்கித் தேய்ந்திருந்தது.

முதலில் கீழ்த் தகட்டின் போல்ட்களைத் தளர்த்தி, துளைகளில் உள்ள இடைவெளி அளவுக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். பொனற்றைச் சுற்றியுள்ள இடைவெளிகள் குழம்பாது என்பதால் அதுவே நல்ல வழி. 2 மி.மீ. அப்படியே கிடைத்தது. மிச்சம் பிணைச்சலில். இரண்டு பிணைச்சலும் ஒரே அளவு நகர்ந்தால் பொனற் நேராக முன்னோ பின்னோ போகும், ஒன்றை மட்டும் நகர்த்தினால் மூக்கு பக்கவாட்டில் திரும்பும். தளர்த்த முன் பிணைச்சலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட வேண்டும். பொனற்றைப் பிடிக்க இரண்டாவது ஆள் கட்டாயம். அலுமினிய மூலை கண்ணாடியடித் தகட்டில் ஒருமுறை குத்தினாலே பெயின்ற் போய்விடும்.

போல்ட்கள் அங்குல அளவு, யூஎன்எஃப் எனும் நெருக்கமான இழை (மரை). 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குலத் தலையில் ஏறும், ஆனால் 0.3 மி.மீ. தளர்வு இருப்பதால் கறள் பிடித்த தலையை உருட்டிவிடும். அங்குல ஸ்பேனரை இரவல் வாங்கியாவது செய்யுங்கள்.

பிணைச்சல் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அரிபடுவது அலுமினியம். விட்டால் துளை பெருத்து, எவ்வளவு இறுக்கினாலும் பொனற் இடம் மாறும். தூளைச் சுரண்டி, வெறும் உலோகத்துக்கு சிங்க் பிரைமர் ஒரு பூச்சு, போல்ட்டுக்கு நைலோன் வாஷர், இழையில் மெல்லிய கிறீஸ். மூடிய இடம் என்பதால் இங்கே கிறீஸ் சரி.

அடுத்தது முன் விளிம்பின் ரப்பர்கள். இவை வயதாகித் தேய்ந்தால் பொனற் ஊசியின் ஸ்பிரிங்கில் மட்டும் நின்று துள்ளும், அந்தத் துள்ளல் நேரே நாக்குக்குப் போகும். அளக்க வேர்னியர் அளவுகோல் உள்ளே போகாது. ரொட்டிக்குக் குழைக்கும் கோதுமை மாவில் நெல்லிக்காய் அளவு இரண்டு உருண்டை எடுத்து, பொலித்தீனில் சுற்றி, ரப்பரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வைத்துப் பொனற்றைப் பூட்டித் திறக்க வேண்டும். நசிந்த மாவின் தடிப்புத்தான் இடைவெளி. இடது 7 மி.மீ., வலது 9 மி.மீ. கழற்றிய ரப்பர்கள் இரண்டும் 6 மி.மீ. அதாவது பொனற் இரண்டையும் தொட்டதே இல்லை. புது ரப்பர் இடைவெளியைவிட 1 முதல் 2 மி.மீ. தடிப்பாக இருந்தால்தான் நசிந்து பிடிக்கும்: இடதுக்கு 8, வலதுக்கு 10.

இப்போது ஊசி

மேலுள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, ஊசியை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்ப வேண்டும். 5/16 அல்லது 3/8 அங்குல யூஎன்எஃப் இரண்டிலும் அங்குலத்துக்கு 24 இழை, ஆகவே ஒரு முழுச் சுற்று 1 மி.மீற்றருக்குச் சற்று மேல். ஊசி நீண்டால் இலகுவாகப் பூட்டும், ஆனால் பொனற் தளர்ந்து கடகடக்கும். குறுகினால் அறைந்து மூட வேண்டிவரும், அலுமினியப் பொனற் அறைந்தால் நெளியும். இந்தக் காரில் முன்பு யாரோ இரண்டரைச் சுற்று நீட்டி விட்டிருந்தார்கள். நாக்கும் ரப்பரும் சரியான பிறகு இரண்டு சுற்று திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. பூட்டுக்கு நேர்மேலே இரண்டு உள்ளங்கையும் வைத்து அமத்த, அதிகப் பலமில்லாமல் பூட்டுவதே சரியான உயரம். நட்டை இறுக்கும்போது ஊசியும் சேர்ந்து சுற்றும், ஸ்குரூ டிரைவரால் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். முடிந்ததும் நட்டுக்கும் ஊசிக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்றில் ஒரு கோடு. தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும்.

கொக்கியைத் தனியாகச் சோதிக்காமல் விடக்கூடாது. குமிழை இழுத்துவிட்டு, முன் விளிம்பைப் பலமாக மேலே தூக்கினால் கொக்கி தானாகப் பிடிக்க வேண்டும், பத்து முறையில் பத்து முறையும். இங்கே எட்டு முறைதான் பிடித்தது. கொக்கி சுழலும் ஆணியைக் கழுவி எண்ணெய் விட்டதும் சரியானது. கொக்கியை வளைத்துச் சரிசெய்யப் போகாதீர்கள். ஒருமுறை வளைத்த இரும்பு அடுத்த பாரத்தில் அதே இடத்தில் வளையும்.

மூன்றாம் சனி: தெருவில்

பொனற்றுக்கும் மட்கார்ட்டுக்கும் குறுக்கே இரண்டு பக்கமும் காகித ரேப் ஒட்டப்பட்டது. பொனற் கிளம்பினால் அது கிழியும். முதலில் உப்புவெளி ஒழுங்கைகளில் 30 கி.மீ. வேகத்தில், வேண்டுமென்றே குழிகளுக்குள்ளால். பிறகு கந்தளாய் வீதியில் 60, அடுத்து 80. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, ரேப்பையும் வெள்ளைக் கோட்டையும் பார்த்தாயிற்று. கடைசியாகக் கச்சான் காற்று வீசும் பின்னேரம் கிண்ணியாப் பாலம். 396 மீற்றர் நீளத்துக்குப் பக்கக்காற்று நேரே அடிக்கும் இடம் அது, பொனற்றின் விளிம்பு துடிப்பதானால் அங்கே துடிக்கும். வலது ரேப்பில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது, கிழியவில்லை. வலது ரப்பருக்கு அடியில் 1 மி.மீ. வாஷர் ஒன்று வைத்து மறுபடி பாலத்தைக் கடந்தபோது சுருக்கமும் விழவில்லை.

மாரி தொடங்க முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை கேபிளைப் பூட்டிலிருந்து கழற்றி நாக்கு கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும்.