எஃப் 1, எஃப் 2: பிரிட்டனில் புது டாக்டரின் முதல் இரண்டு வருடம்

பிரிட்டனில் மருத்துவப் பட்டம் வாங்கிய கையோடு சிறப்புப் பிரிவுக்குள் போக முடியாது. நடுவில் இரண்டு வருட ஃபவுண்டேஷன் பயிற்சி உண்டு. 2005-இல் வந்த ஏற்பாடு. ஆகஸ்ட் முதல் புதன்கிழமை எல்லோரும் சேருவார்கள். வருடத்துக்கு வழக்கமாக மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நாலு மாதம். முதல் வருடமான எஃப் 1-இல், டாக்டர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஜிஎம்சி தருவது தற்காலிகப் பதிவுதான். அதை வைத்துக்கொண்டு வெளியே லோக்கம் (இன்னொருவருக்குப் பதிலாகப் பார்க்கும் தற்காலிக வேலை) பார்க்க முடியாது. வருடம் தேறினால் முழுப் பதிவு கிடைக்கும்.

பயிற்சிக்கு எந்த ஊர் என்பதை முன்பு மதிப்பெண்ணும், வேலைச் சூழலில் எப்படி முடிவெடுப்பீர்கள் என்று சோதிக்கும் தேர்வும் முடிவு செய்தன. 2024 முதல், மதிப்பெண் பார்க்காமல் கணினி தரும் ரேங்க்கும் நீங்கள் கொடுத்த விருப்பப் பட்டியலும் போதும். விழுந்து விழுந்து படித்தவர்களுக்கு இதில் எரிச்சல் வருவது நியாயம்தான்.

வேலை கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நல்ல டாக்டர்களும் வருடக் கடைசியில் மாட்டிக்கொள்வது போர்ட்ஃபோலியோவில், அதாவது பயிற்சிக்கான ஆதாரங்களை ஏற்றும் இணையப் பதிவேட்டில்தான். வருடாந்திர மதிப்பாய்வுக் குழு உங்களை வார்டில் வந்து பார்ப்பதில்லை; இணையத்தில் ஏற்றியதை மட்டும் பார்க்கும். பயிற்சி ஆகஸ்டில் முடிந்தாலும் குழு பெரும்பாலும் ஜூன் வாக்கிலேயே கூடிவிடும். அதாவது ஏப்ரலில் தொடங்கும் மூன்றாவது பிரிவில் ஆதாரம் சேர்க்கக் கையில் இருப்பது சுமார் இரண்டு மாதம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்.

பாடத்திட்டத்தில் 13 திறன்கள். ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தை இணைக்க வேண்டும். ஒரே கேஸ் விவாதத்தை எட்டுத் திறனுக்கு இணைத்தால் எதற்குமே பலமில்லை. இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். சக ஊழியர் மதிப்பீட்டுக்குக் குறைந்தது 10 பதில் வேண்டும். அதில் இரண்டு கன்சல்டன்ட் (மூத்த சிறப்பு மருத்துவர்) அல்லது ஜிபி (குடும்ப டாக்டர்), எஃப் 2-க்கு மேலான வேறொரு டாக்டர், இரண்டு சீனியர் நர்ஸ், இரண்டு பிற பணியாளர்கள் கட்டாயம். பத்து வந்தும் கன்சல்டன்ட் ஒருவர்தான் பதிலளித்தார் என்றால் செல்லாது. நண்பர்களாகப் பார்த்து மதிப்பீட்டுப் படிவத்தை அனுப்புபவர்களுக்கு நடப்பது இதுதான். ஆகவே முதல் பிரிவிலேயே, கூடுதல் பேருக்கு அனுப்பிவிடுங்கள். தவறினாலும் மறுபடி செய்ய அவகாசம் இருக்கும்.

விடுப்பிலும் ஒரு எல்லை உண்டு. ஆண்டு விடுப்பு போக, உடல்நலக் குறைவு போன்றவற்றால் 20 வேலை நாளுக்கு மேல் போனால் பயிற்சியை நீட்டிக்க வேண்டுமா என்று பரிசீலிப்பார்கள். நீட்டிப்பது தண்டனை அல்ல, ஆனால் மறைத்தால் பிரச்சினை.

நம்மூரில் ஹவுஸ் சர்ஜன் முடித்து, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான பிளாப் தேர்வு எழுதிப் போகிறவர்கள் பெரும்பாலும் முழுப் பதிவோடே போவதால் எஃப் 1 செய்வதில்லை. சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, ஃபவுண்டேஷன் முடித்தவருக்கு இணையான திறன் இருக்கிறது என்று க்ரெஸ்ட் படிவத்தில் ஒரு கன்சல்டன்ட் கையெழுத்திட வேண்டும். அவரோடு குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். மருத்துவமனையில் சில வாரம் பார்வையாளராக மட்டும் இருந்தது இதற்கு உதவாது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே அந்தப் படிவத்தை அவரிடம் காட்டிவிடுங்கள்.